துணி காயவைக்கும் மெஷினும் மெயின் மோசசும்

மோசசுக்குக் கரண்டைக் கண்டால் பயம். சும்மா பயம் இல்லை, ஈரக்குலை நடுங்குகிற பயம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குள் ஒரு கெஸ்ட் ஹவுசில் ஏழு வருசமாகக் கரண்டு வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன், எனக்குக் கரண்டென்றால் பயம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் வாசலுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் வருவான். வந்து டெஸ்டரை மூன்று தரம் வைத்துப் பார்ப்பான். அப்புறம் புறங்கையால் ஒரு தரம் தொட்டுப் பார்ப்பான். அப்புறம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டுதான் பல்பில் கை வைப்பான். அதற்குள் மாடியில் குளித்துக்கொண்டிருக்கிற ஜெர்மன்கார என்ஜினியர் சோப்பு நுரையோடு கத்துவான். சமையல்கட்டில் மிக்சி நின்றுபோய்ச் சட்னி பாதியில் கிடக்கும். அங்கே வேலை செய்தவர்கள் அவனுக்கு மெயின் மோசஸ் என்று பெயர் வைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை.

அவன் அடிப்படையில் கொத்தனார். ஊர் திருப்பாச்சூர் பக்கம். அப்பன் அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டினவர். மோசஸ் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சித்தாளாகப் போனான். சாந்துச் சட்டி சுமந்து, கரண்டி பிடித்து, இருபது வயசில் தரை போடுவதில் பேர் வாங்கினான். அவன் போட்ட பாத்ரூமில் ஒரு சொம்பு தண்ணீரை எந்த மூலையில் ஊற்றினாலும் ஒரு சொட்டு நிற்காது. ஓட்டையைத் தேடிக்கொண்டு ஓடும். அப்படிச் சரிவாக வாட்டம் கொடுப்பான். தண்ணீர் தேங்கினால் அது கொத்தனார் கையில் உள்ள கோளாறு என்பது அவன் கட்சி.

கரண்டு பயம் வந்தது அவன் அண்ணன் அரசப்பனால். திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பம்புசெட்டுக் கொட்டகை. மழை பெய்து ஓய்ந்த நேரம். அண்ணன் ஈரக் காலோடு உள்ளே போய் மோட்டார் மேல் கை வைத்தான். வைத்த கை வரவில்லை. மோசஸ் பத்தடி தூரத்தில் வரப்பில் நின்றுகொண்டிருந்தான். அண்ணன் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஓடிப்போய் இழுப்பதா, இழுத்தால் நாமும் ஒட்டிக்கொள்வோமா, பியூசைப் பிடுங்குவதா, பியூஸ் எங்கே இருக்கிறது, இதெல்லாம் அவன் தலைக்குள் ஓடி முடிவதற்குள் அரசப்பன் விழுந்துவிட்டான். அப்போது மோசசுக்கு இருபத்தேழு வயசு.

அப்படிப்பட்டவன் கரண்டு வேலைக்கு எப்படி வந்தான் என்றால், ஒரே ஒரு பொய்யால் வந்தான். இரண்டாயிரத்து ஒன்றில் அந்த கெஸ்ட் ஹவுசைக் கட்டும்போது தரை போட்டவன் அவன்தான். பல்சக்கரம் செய்கிற கம்பெனி, அங்கே வந்து தங்குகிற வெளிநாட்டு என்ஜினியர்களுக்காகக் கட்டியது. வேலை முடிகிற அன்றைக்கு மேனேஜர் ஆதிநாராயணன் அவனைக் கூப்பிட்டார்.

"மோசசு, பைப்பு வேல தெரியுமா நைனா?"

"தெரியும் சார்."

"கரண்டு வேல?"

மாதச் சம்பளம், பி.எஃப்., மழைக்காலத்தில் வேலை இல்லாமல் உட்கார வேண்டியதில்லை. வீட்டில் சாராள் இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

"தெரியும் சார்" என்றான்.

அதற்கப்புறம் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் பியூஸ் போடவும் ஃபேன் மாட்டவும் கற்றுக்கொண்டான். பெரிய வேலை எதுவும் அவன் தலையில் விழாமல் ஏழு வருசம் ஓடிவிட்டது.

அந்த மெஷின் வந்தது இரண்டாயிரத்து எட்டு ஜூன் மாசம். அதுவரைக்கும் துணிகளை மொட்டை மாடியில்தான் காயப்போட்டார்கள். ஆனால் சுற்றிலும் இரும்பு உருக்குகிற ஆலைகள். காற்றடித்தால் கரித்தூள் வந்து ஜெர்மன்காரன் வெள்ளைச் சட்டையில் மிளகுப்பொடி தூவினாற்போல உட்காரும். இரண்டு தரம் சண்டை வந்தது. மூன்றாம் தரம் அவர்களே கப்பலில் ஒரு மெஷினை வரவழைத்துவிட்டார்கள்.

மெஷின் என்றால் துவைக்கிற மெஷின் இல்லை. காயவைப்பதற்கென்றே இருக்கிற மெஷின். ஈரத் துணியைப் போட்டு மூடினால் உள்ளே சூடான காற்றில் புரட்டும். துணியிலிருந்து கிளம்புகிற ஆவியை வெளியே விடாது. உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கி, அடியில் ஒரு பள்ளத்தில் சேர்த்து, சின்ன பம்பு ஒன்றால் மேலே ஏற்றி ஒரு டப்பாவில் நிரப்பும். டப்பா நிரம்பினால் சிவப்பு விளக்கு எரியும். எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி சொருக வேண்டும்.

மெஷினைப் பார்த்துக்கொண்டது கன்னியம்மா. முப்பத்தெட்டு வயசு. நடவு நட்டுக்கொண்டிருந்தவள், நிலமெல்லாம் கம்பெனியான பிறகு துணி துவைக்க வந்தாள். வாய் கொஞ்சம் நீளம். முதல் நாள் டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டு, "புழிஞ்சி போட்ட துணில இம்மாந் தண்ணியா? அப்ப நான் புழியறது புழியறதே இல்ல போல கீது" என்று சிரித்தாள். நாலு மாசம் மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அக்டோபர் கடைசியில் பெய்த முதல் பெருமழையில் துணி அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. மோசஸ் உடனே மெஷினை நகர்த்தி, அது நிற்கிற இடத்தில் செங்கல் வைத்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேடை கட்டி, மேலே பூசி, ஏற்றி வைத்தான். ஏற்றியதும் மெஷினின் கரண்டு ஒயர் பிளக்குக்கு ஒரு முழம் பத்தவில்லை. ஸ்டோரில் கிடந்த ஒயரை எடுத்து ஒட்டுப் போட்டான். மெஷின் ஒயருக்குள் மூன்று கம்பி இருந்தது. கையில் இருந்த ஒயரில் இரண்டுதான். பிரவுனையும் நீலத்தையும் சேர்த்தான். பச்சையும் மஞ்சளுமாக இருந்த மூன்றாவதை மடக்கி டேப்பைச் சுற்றினான். மெயினைப் போட்டான். மெஷின் ஓடியது. ஓடினால் சரி என்று போய்விட்டான்.

நவம்பர் பாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. நாஷ்டா முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்த மோசசிடம் கன்னியம்மா வந்தாள்.

"யண்ணா, அந்த மெசினு மேல கைய வெச்சா கட்டெறும்பு கட்ச்சாப்ல சுருக்குனு கீது. இன்னானு பாரு."

உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். மோசஸ் குழாயை மூடாமலே திரும்பினான்.

"எப்பலேர்ந்து?"

"நாலு நாளா."

"நாலு நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மெயின இறக்கிட்டு ஒக்காந்துக்குவ. துணிய யாரு காயவெப்பா, உன் மாமியாளா?"

அவன் துணி அறைக்கு ஓடினான். வாசலில் அவளுடைய செருப்பு ஜோடியாகக் கிடந்தது. துவைத்த துணி இருக்கிற இடம் என்று அவள் செருப்போடு உள்ளே போகவே மாட்டாள். உள்ளே மேடையைச் சுற்றித் தரையெல்லாம் மெல்லிசாகத் தண்ணீர் ஓடிய ஈரம். மெஷினின் முன்பக்கம் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தில் இரண்டு காலடித் தடம், வெறுங்காலில் நின்ற தடம், இன்னும் முழுசாகக் கலையாமல் இருந்தது.

மோசசுக்குக் கொட்டகைக்குள் அண்ணன் நின்ற ஈரக் கால் ஞாபகம் வந்தது. திரும்பி ஓடிப்போய் மெயினை இறக்கினான்.

சமையல்கட்டிலிருந்து ஒரு வசவு கேட்டது. மேலே ஏதோ ஒரு கதவு திறந்து ஜெர்மன் பாசையில் இன்னொரு வசவு கேட்டது. ஆதிநாராயணன் ஆபீசிலிருந்து வந்தே விட்டார்.

"இன்னா நைனா, காலங்காத்தால ஆரம்பிச்சிட்ட?"

"சார், மெஷின்ல கரண்டு வருது சார். தண்ணி வேற ஒழுவுது. ரெண்டும் சேர்ந்தா ஆளு காலி சார். ஓட்ட வாணாம்."

"ஓட்ட வாணாமா? இருபத்தாறு சட்ட ஈரமா கீது. நாளைக்கு அவங்க பெரிய ஆளு ஊர்லேர்ந்து வந்து எறங்கறான். மழைல எங்க போட்டு காயவெக்கிறது, எந்தலைலயா?"

"சார்..."

"நீ கரண்டு வேல தெரியும்னுதான வந்து சேர்ந்த? பாரு. சரி பண்ணு. மூணு மணிக்கு ஓடணும். உன்னால ஆவாதுன்னா இப்பவே சொல்லிடு, ஆவற ஆள வெச்சிக்கிறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஏழு வருசத்துப் பொய் வழி விடவில்லை.

"பாத்துட்றேன் சார்" என்றான்.

மெஷினுக்கு மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெயினைப் போட்டான். பிளக்கைப் பிடுங்கும்போது கையில் காய்ந்த துண்டைச் சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்போடு ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்றுகொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பிடுங்கினான். கன்னியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாம்பு புடிக்கிறவன்கூட இப்டி புடிக்க மாட்டான்ணா."

"நீ உள்ள வராத. நான் சொல்ற வரைக்கும் வாசப்படி தாண்டாத."

"சரிப்பா, தாண்டல. பயந்து சாவாத."

அவன் யோசித்தது இவ்வளவுதான். கரண்டைப் பற்றி நமக்குத் தெரியாது. தண்ணீரைப் பற்றித் தெரியும். தண்ணீர் நின்றால் கரண்டும் நின்றுவிடும். தண்ணீர் ஏன் டப்பாவுக்குப் போகாமல் வெளியே ஒழுகுகிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும்.

முதலில் கதவுக்குக் கீழே இருக்கிற வலையை உருவினான். பஞ்சு அடை அடையாக அப்பியிருந்தது. எடுத்துப் போட்டான். பிறகு கீழ் மூடியைத் திறந்து, ஆவியைத் தண்ணீராக்குகிற பெட்டியை வெளியே இழுத்தான். தகடு தகடாக, வண்டி ரேடியேட்டர் மாதிரி இருந்தது. அதிலும் பஞ்சு. கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பைப்பை வைத்துப் பீய்ச்சியதில் சாம்பல் நிறத்தில் கழுநீர் ஓடியது. இதுதான் விசயம் என்று மனசு கொஞ்சம் லேசானது. பெட்டியை மாட்டி, ஈரத் துணி நாலு போட்டு, துண்டு சுற்றிய கையால் பிளக்கைச் சொருகி, வாசலுக்கு வந்து நின்றுகொண்டான்.

மெஷின் சுற்றியது. கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. இருபது நிமிசம் ஆனபோது முன்பக்கம் அடி விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது. தொங்கியது. விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

மறுபடி பிளக்கைப் பிடுங்கினான். இந்தத் தடவை பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். பம்பு அங்கேதான் இருந்தது, கைமுட்டி அளவில், அந்தப் பள்ளத்துக்கு மேல். அதன் சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தான். சுற்றியது. டப்பாவுக்குப் போகிற ரப்பர் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். காற்று போனது. மடிப்பும் இல்லை, அடைப்பும் இல்லை. டப்பாவை எடுத்துப் பார்த்தான். அடியில் ஒரு மடக்குத் தண்ணீர்கூட இல்லை. பள்ளத்துக்குள் கையை விட்டான். அங்கே தண்ணீரே இல்லை, காய்ந்து கிடந்தது.

இதுதான் அவனைக் கலக்கியது. முன்னால் விடாமல் சொட்டுகிறது. பின்னால் பம்பு இருக்கிற பள்ளம் வறண்டு கிடக்கிறது. தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், பம்பு குடிக்க ஒன்றும் இல்லாமல் சும்மா சுற்றுகிறது. டப்பா நிரம்பாததால் விளக்கும் எரியவில்லை, தரையில் இருப்பது மழை ஈரம் என்றே கன்னியம்மாவும் நினைத்திருக்கிறாள். மெஷினுக்கே தெரியாமல் அதன் வயிற்றில் தண்ணீர் கட்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் மாட்டி இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது சமையல்கட்டுப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள் என்று முகத்தைத் திருப்பினான். திருப்பிய அந்த நேரத்தில் கன்னியம்மா மெஷின் மேல் விட்டுப்போன தன் தோள்துண்டை எடுக்க உள்ளே போய்விட்டாள். வெறுங்கால். தண்ணீரில் ஒரு அடி வைத்தாயிற்று. கை நீண்டுவிட்டது.

மோசஸ் கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. கன்னியம்மா பிறகு சொன்னது, "அரசப்பாங்கற பேரச் சொல்லி கத்துன" என்று. அவள் அப்படியே நின்றாள். அவன் பிளக்கை ஒயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கிப்போட்டான். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

கன்னியம்மாவின் முகத்திலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு போயிருந்தது.

"அவ்ளோ மோசமாண்ணா?"

"அவ்ளோ மோசம்."

"அப்ப நாலு நாளா நான் உசுரோட கீறது எப்டிண்ணா?"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

மணி ஒன்றாகிவிட்டது. ஆதிநாராயணன் ஆபீசுக்குப் போய், மெஷினோடு வந்த புத்தகம் வேண்டும் என்று கேட்டான்.

"அது ஜெர்மன் பாசை. எனுக்கே புரியல, உனுக்கு இன்னா புரியப்போவுது?"

"படம் இருக்கும்ல சார்."

பீரோவில் ரிஜிஸ்டர்களுக்கு அடியில் கிடந்ததைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மோசஸ் அதை எடுத்துக்கொண்டு வந்து, கொல்லைத் தாழ்வாரப் படியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து திருப்பினான். எழுத்தெல்லாம் எறும்பு வரிசை மாதிரி ஓடியது. படம் மட்டும் பார்த்தான். பெட்டியிலிருந்து மெஷினை எடுக்கிற படம். இரண்டு பேர் தூக்குகிற படம். நாலு காலையும் திருகுகிற படம். அதற்கடுத்த பக்கத்தில் அவன் கை நின்றுவிட்டது.

மெஷின் தலைமேல் மட்டம் பார்க்கிற ரசமட்டம் வைத்த படம். நடுவில் குமிழி, இரண்டு கோட்டுக்கும் சரியாக நடுவில். அதற்குப் பக்கத்தில் இன்னொரு படம். மெஷின் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அந்தப் படத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பெரிய பெருக்கல் கோடு.

ரசமட்டம் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பொருள் இல்லை. இருபது வருசம் கையில் வைத்துத் தூங்கியவன். ஆனால் அந்த மேடைக்கு அவன் ரசமட்டம் வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்றே வைக்கவில்லை. தண்ணீர் வருகிற மெஷின். தண்ணீர் வருகிற எந்த இடத்துக்கும் ஓட்டையைப் பார்த்து வாட்டம் கொடுத்தாக வேண்டும். தரை ஓட்டை இருப்பது முன்பக்கம். அதனால் மேடையைப் பின்னால் உயர்த்தி முன்னால் தாழ்த்தி, இரண்டு விரல் வாட்டம் கொடுத்து, அழகாகப் பூசி வைத்திருந்தான். பூசி முடித்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி, அது ஓடுகிற அழகைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினையே ஏற்றினான்.

மெஷினுக்குள் பம்பு இருப்பது பின்பக்கம்.

அவன் கொடுத்த வாட்டத்தில், உள்ளே ஊறுகிற தண்ணீரெல்லாம் பம்பை விட்டு விலகி முன்னால் ஓடி, முன்னால் கட்டி நின்று, வழிந்திருக்கிறது. வழிகிற வழியில் எந்த ஒயரை நனைத்ததோ. அவன் வாழ்க்கையில் நல்ல வேலை என்று நினைத்துச் செய்த ஒன்று, அந்தப் பெண்ணை நாலு நாளாகச் சாவுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தது.

எழுந்தான். தோட்டக்காரனைத் துணைக்குக் கூப்பிட்டு மெஷினின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னான். மேடையைக் கொத்திச் சாந்து கலந்து சரி செய்ய நேரமில்லை. முன்னங்கால் இரண்டுக்கும் அடியில் கடப்பாக் கல் துண்டு வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்து, காலைத் திருகித் திருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தான். நீளவாக்கில் பார்த்தான், குறுக்கே பார்த்தான். ஒரு மயிரிழை பிசகு இல்லை. தரையைத் துடைத்தான். கன்னியம்மாவை வாசல் தாண்டி இன்னும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னான். பலகை, செருப்பு, துண்டு. பிளக்.

இருபது நிமிசம். முப்பது நிமிசம். முன்பக்கம் காய்ந்து கிடந்தது. நாற்பதாவது நிமிசம் பின்னால் பம்பு களக் களக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது. டப்பாவுக்குள் தண்ணீர் விழுந்தது.

"யண்ணா, தண்ணி ஏறுது" என்று வாசலுக்கு வெளியிலிருந்து கன்னியம்மா சொன்னாள். அவள் குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. ஆதிநாராயணனும் வந்து எட்டிப் பார்த்தார். மணி மூன்றாக இருபது நிமிசம்.

"பரவால்ல நைனா. படம் பாத்தே கண்டுபுட்ச்சிட்ட. கன்னிமா, எடு துணிய, போடு."

அவள் ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

மோசஸ் டெஸ்டரைக் கையில் வைத்திருந்தான். ஓடுகிற மெஷின் உடம்பில் அதை வைத்தான். எரியக் கூடாது, கர்த்தரே எரியக் கூடாது என்று வைத்தான்.

எரிந்தது. மங்கலாக, சின்னதாக, சிவப்பாக.

யாரும் அதைப் பார்க்கவில்லை. அவன் உடம்பு மறைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நின்றுவிட்டது, உள்ளே நனைந்ததெல்லாம் நாளைக்குக் காய்ந்துவிடும், கரண்டும் தானாகப் போய்விடும் என்று அவனுக்குள் ஒருவன் சொன்னான். போகலாம். போகாமலும் இருக்கலாம். எது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் விசயமே. மேனேஜர் சந்தோசமாக இருக்கிறார். வேலை நிலைத்தாயிற்று. டெஸ்டரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நகர்ந்தால் போதும்.

கன்னியம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கதவுப் பிடிக்குக் கையை நீட்டினாள்.

மோசஸ் அவளுக்கும் மெஷினுக்கும் நடுவில் போய் நின்றான்.

"தொடாத."

"இன்னாண்ணா, மறுபடியுமா?"

"தொடாதன்றேன்." துண்டைச் சுற்றிப் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு ஆதிநாராயணன் பக்கம் திரும்பினான். அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சார், எனக்குக் கரண்டு வேல தெரியாது. ஏழு வருசமா தெரியாது. தண்ணி ஒழுவுனது நான் மேடைய வாட்டமா கட்டுனதால. அத சரி பண்ணிட்டேன். கரண்டு இன்னும் வருது. ஏன் வருதுன்னு எனக்குத் தெர்ல. தெரிஞ்ச ஆள கூப்புடுங்க. அது வரைக்கும் இந்தப் பொண்ணு இதத் தொடக் கூடாது."

ஆதிநாராயணன் பேச ஆரம்பித்தார். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பேசி முடித்துவிட்டு, கம்பெனிக்குப் போன் போட்டு ஒயர்மேன் பீட்டரை வரச் சொன்னார்.

பீட்டர் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்தான். மெஷினைப் பார்க்கவில்லை. நேராக ஒயரைப் பிடித்துக்கொண்டு போனான். ஒட்டுப் போட்ட இடத்தில் டேப்பைப் பிரித்தான். மடக்கி வைத்திருந்த பச்சைக் கம்பியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான்.

"இது யாரு வேல?"

"நான்தான்" என்றான் மோசஸ்.

"இத இன்னாத்துக்கு உட்ட?"

"அது இல்லாமயே ஓடுச்சி."

"ஓடும். நல்லா ஓடும்" என்றான் பீட்டர். "இது எர்த்து. மெஷினு உடம்புல கரண்டு எறங்குனா அத மண்ணுக்குள்ள இஸ்துக்கினு போவறது இதான். இது இல்லன்னா அது போறதுக்கு வேற வழி தேடும். தொட்டவங்க உடம்பு வழியா போவும்." கன்னியம்மாவின் வெறுங்காலைப் பார்த்தான். "நாலு நாளு எறும்பு மாரி கடிச்சிதாமே. போவும்போது கோயிலுக்குப் போய்ட்டுப் போம்மா."

கன்னியம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

பீட்டர் மூன்று கம்பி ஒயராக ஒரே நீளத்தில் புதுசாகப் போட்டான். மெஷின் முன்பக்கத்தைத் திறந்து, நனைந்து பச்சை பூத்திருந்த ஒரு இணைப்பைச் சுத்தம் பண்ணிக் கட்டினான். டெஸ்டர் எரியவில்லை. பிறகு அவனே வெறும் கையை மெஷின் மேல் அழுத்தி வைத்தான். மோசஸ் கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தபோது பீட்டர் டீ கேட்டுக்கொண்டிருந்தான்.

அரசப்பன் விழுந்த கொட்டகையில் மோட்டாருக்கு ஒரு பச்சை ஒயர் இருந்ததா என்று மோசசுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்பதற்கு யாரும் இல்லை. இருபது வருசமாக அண்ணன் விதி என்று நினைத்திருந்தது, யாரோ ஒருத்தன் மடக்கி டேப் சுற்றிய வேலையாகக்கூட இருந்திருக்கலாம். அந்த யாரோ ஒருத்தனுக்கும், மோட்டார் ஓடினால் சரி என்றுதான் தோன்றியிருக்கும்.

மோசசுக்கு வேலை போகவில்லை. ஆதிநாராயணனுக்கு அவன் மேல் இரக்கம் என்று நினைக்க வேண்டாம். மேலே எழுதினால், சர்டிபிகேட் இல்லாத ஆளைக் கரண்டு வேலைக்கு வைத்தது யார் என்ற கேள்வி அவரிடம்தான் வரும். அதனால் வாயோடு முடித்துக்கொண்டார். இனிமேல் சுவிட்ச் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது, பைப்பு வேலை, கொத்து வேலை, தோட்டத்துக்குத் தண்ணீர், அவ்வளவுதான் என்றார். கரண்டு வேலைக்குப் பீட்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தான். பேண்ட் போட்ட வேலையிலிருந்து மறுபடி கைலியைத் தூக்கிக் கட்டுகிற வேலைக்கு வந்துவிட்டான் மோசஸ். சாராளிடம் அதைச் சொல்ல அவனுக்கு ஒரு வாரம் ஆனது. அவள், "உம்மேல கரண்டு பாஞ்சிடுமோன்னு தெனம் வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

மேடையை அந்த ஞாயிற்றுக்கிழமையே உடைத்து, ரசமட்டம் வைத்து மறுபடி கட்டினான். பூசி முடித்துத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தபோது அது எந்தப் பக்கமும் ஓடாமல் நடுவில் நின்றது. கொத்தனார் கண்ணுக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றான்.

அதற்கப்புறமும் பயம் போகவில்லை. தினமும் காலையில் ஒன்பதரைக்குக் கன்னியம்மா மெஷினைப் போடுகிற நேரம், எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டுத் துணி அறை ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பான். அவள் கதவுப் பிடியில் கை வைத்து, எடுத்து, மெஷின் சுற்ற ஆரம்பித்து, பம்பு தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் நகர மாட்டான்.

பொங்கல் கழித்து ஒருநாள் அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இன்னாண்ணா, தெனம் வந்து நின்னுக்கினு கீற? நான் செத்தனா இல்லையான்னு பாக்கறியா?"

"ஆமா" என்றான் மோசஸ்.

அவள் துணியைப் போட்டு மூடினாள்.